அம்மாவுக்கு அல்சைமர், எனக்கு கொலஸ்ட்ரால்: மாத்திரையை நிறுத்தியது சரியா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 47 வயது, ஊர் நாகர்கோவில். அம்மாவுக்கு 71 வயதில் அல்சைமர் என்று கண்டுபிடித்தார்கள், இப்போது 76. சில நாள் என்னையே 'நீ யாரு வீட்டுப் பிள்ளை?' என்று கேட்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று பையைத் தேடுகிறாள். அப்பா 52 வயதில் ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார். அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஊருக்கு வந்தபோது டிஎன்ஏ கிட் கொண்டுவந்தான், எச்சில் எடுத்துக் கொடுத்தேன். ஏபிஓஇ4 என்ற அல்சைமர் ஜீன் எனக்கு ஒன்று இருக்கிறதாம். இதற்கிடையில் ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 262, கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 174, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 46, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 210, மூன்று மாதச் சர்க்கரை 5.9, பிரஷர் 138/88. டாக்டர் ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார், மூன்று வாரம் சாப்பிட்டேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்தது. 'மூளையே கொலஸ்ட்ரால்தான், இந்த மாத்திரை அதை உருக்கிவிடும், தேங்காய் எண்ணெய்தான் மறதிக்கு மருந்து' என்றார்கள். அதே வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டேன். செய்தது சரியா? தேங்காய் எண்ணெயை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் அந்த ஜீன் டெஸ்ட் எடுக்கட்டுமா?
- பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: சகோதரி, நிறுத்தியது சரியில்லை. எழுதிக்கொடுத்த டாக்டருக்கு ஒரு போன் போட்டு, இடையில் விட்டதை மறைக்காமல் சொல்லி, அவர் சரி என்றதும் திரும்ப ஆரம்பியுங்கள். ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள்.

இங்கே உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதி அனுப்பியது நாலு பக்கம். அதில் அம்மாவுக்கு மூன்று பக்கத்துக்கு மேல், அப்பாவுக்கு ஒரே வரி. தினமும் கண் முன்னால் பார்ப்பது அம்மாவைத்தான், அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு டாக்டராக எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. 55 வயதுக்குள் அப்பாவுக்கு மாரடைப்பு, உங்களுக்கு எல்டிஎல் 174, சர்க்கரை நோய்க்கு முந்தைய படியில் 5.9, பிரஷர் எல்லைக்கோட்டில், மாதவிடாய் நிற்கப்போகும் வயது. இத்தனையும் ஒன்றுசேர்ந்தால் எழுபது வயதில் மறதி வருமா என்ற கேள்விக்கு முன்னால், அந்த எழுபதை நல்லபடியாகத் தொடுவோமா என்ற கேள்வி வருகிறது. மாத்திரை இதற்காக. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஸ்டாடின் (உங்கள் ரோசுவாஸ்டாடின் இந்த வகை மாத்திரைதான்) குறைக்கிறது என்பதில் மருத்துவ உலகில் இன்றைக்குச் சந்தேகமே கிடையாது.

சரி, மூளைக்கு வருவோம். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய்கள்) குழு, நம்மால் மாற்ற முடிகிற 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. இவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று, நடுவயதில் அதிகமாக இருக்கும் எல்டிஎல். இன்னொன்று கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு. நீங்கள் நடுவயதில்தான் இருக்கிறீர்கள். அப்படியானால் மாத்திரை போட்டால் அல்சைமர் வராதா என்றால், அப்படி நான் சொல்ல மாட்டேன். இருபதாயிரம் பேருக்கு மேல் வைத்து இங்கிலாந்தில் நடந்த சோதனையிலும், எழுபது வயதைத் தாண்டிய சுமார் ஆறாயிரம் பேரிடம் நடந்த இன்னொன்றிலும், சில வருடங்கள் ஸ்டாடின் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஞாபகசக்தியில் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது மூளையைக் காப்பாற்றியதாகவும் காட்டவில்லை, கெடுத்ததாகவும் காட்டவில்லை. கெடுக்கவில்லை என்பதுதான் இப்போது உங்களுக்கு வேண்டியது.

அந்த ஆடியோவில் முதல் பாதி உண்மை. உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு மூளையில்தான் இருக்கிறது. பேசியவர் விட்டுவிட்டது என்னவென்றால், மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைக் கடன் வாங்குவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைத் தாண்டி அந்தத் துகள்கள் உள்ளே போவதே இல்லை. ரத்தத்தில் 174 இருந்தாலும் 80 இருந்தாலும் மூளையின் கையிருப்பு அதனுடையதுதான். ரத்தத்தில் கூடுதலாக ஓடுவது போய் ஒட்டுவது ரத்தக்குழாய்ச் சுவரில். மூளைக்குப் போகும் குழாயும் அதில் சேர்த்திதான்.

மறதி பற்றிய பயம் முழுக்க வாட்ஸ்அப் கிளப்பியதும் இல்லை. 2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, ஸ்டாடின் சாப்பிடும் சிலருக்கு ஞாபகமறதியோ குழப்பமோ வந்ததாகப் புகார் உண்டு, பெரும்பாலும் லேசானது, நிறுத்தினால் சரியாகிவிடும் என்று மருந்தோடு வரும் விவரக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. சர்க்கரை சற்றுக் கூடலாம் என்பதும் அதோடு சேர்ந்தது, 5.9 இருக்கும் நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 2020-ல் லண்டனில் ஒரு அழகான சோதனை நடந்தது. ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்த 60 பேருக்கு, சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது! அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தொந்தரவு நிஜம், காரணம்தான் வேறு.

உங்கள் பால் பொங்கிய கதைக்கும் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவோடு எழுந்து பை தேடிவிட்டு, காலையில் ஐந்தரைக்கு அடுப்படியில் நிற்கிற யாருக்கும் பால் பொங்கும். டாக்டரைப் பார்க்கும்போது தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் மறதியைக் கொடுக்கும். அதிலும் தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல்லும் ஏறும், ஸ்டாடினில் தசைவலியும் கூடுதலாக வரும். ஸ்டாடின் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டிய டெஸ்ட் அது, உங்கள் ரிப்போர்ட்டில் காணோம்.

இனி தேங்காய் எண்ணெய். குமரி மாவட்டத்துக்காரரிடம் இதைச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் நாலு லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு 30 கிராம் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றுகிற ரகம், ஆக அதிலிருந்து மட்டும் 25 கிராம். எல்டிஎல் ஏறியிருப்பவர்கள் ஒரு நாள் முழுக்க எல்லாம் சேர்த்து 13 கிராமுக்குள் நிற்பது நல்லது. தீயலுக்கு வறுத்து அரைக்கிற தேங்காய், அவியலுக்கு அரைக்கிற தேங்காய், பால், நெய் எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. போதாக்குறைக்கு ஏபிஓஇ என்பது கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் புரதத்துக்கான ஜீன். அதில் நாலாம் வகை உள்ளவர்களுக்குப் பொதுவாகவே எல்டிஎல் சற்றுக் கூடுதலாக இருக்கும், நிறைவுற்ற கொழுப்பு சாப்பிட்டால் மற்றவர்களைவிட அதிகம் ஏறுவதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. மறதிக்கு அது மருந்து என்பதற்கு நம்பும்படியான பெரிய சோதனை எதுவும் கிடையாது.

அதனால் சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றுங்கள். கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், நல்லெண்ணெயில் அதைவிடக் குறைவு. மொத்த அளவையும் இரண்டரை லிட்டருக்கு இறக்குங்கள். அவியலில் கடைசியாக ஊற்றுகிற அந்த ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெயை மட்டும் நான் தொட மாட்டேன், அது இல்லாவிட்டால் அவியலே இல்லை. நேந்திரம் சிப்ஸ் வீட்டுக்குள் வர வேண்டாம். ட்ரைகிளிசரைடு 210-க்கு எண்ணெயைவிட மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் இரண்டாம் தடவை வாங்கிப் போட்டுக்கொள்ளும் சோறும்தான் முக்கியக் காரணம், அதில் கை வையுங்கள். மீன் சாப்பிடுவீர்கள் என்பது பெரிய வசதி. வாரம் இரண்டு மூன்று நாள் சாளை, அயிலை, நெத்திலி குழம்பாகவோ, தேங்காயைப் பாதியாக்கிப் புளிமுளமாகவோ வையுங்கள், பொரிக்க வேண்டாம். இவ்வளவும் செய்தாலும் எல்டிஎல் பத்து பதினைந்து சதவீதம்தான் இறங்கும். ரோசுவாஸ்டாடின் 10 ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். சாப்பாட்டை மட்டும் வைத்துச் சமாளித்துவிடுகிறேன் என்று நீங்கள் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

பிரஷரை வீட்டிலேயே ஒரு வாரம் காலை, மாலை பார்த்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். 2019-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையில், மேல் பிரஷரை 140-க்குப் பதில் 120-க்குள் வைத்தவர்களுக்கு டிமென்ஷியாவின் முந்தைய படியான லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்தது. நடையைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிடுகிறேன்: வாரத்துக்கு 150 நிமிடம்.

ஜீன் விஷயத்தில் தம்பி உங்களைக் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்திவிட்டார். 'அல்சைமர் ஜீன்' என்று அதைச் சொல்வதே தப்பு. வந்தே தீரும் என்கிற ஜீன்கள் வேறு, மிக அபூர்வம், அவை பெரும்பாலும் அறுபதுக்கு முன்னாலேயே நோயைக் கொண்டுவந்துவிடும். 71-ல் வந்த உங்கள் அம்மாவுடையது அந்த ரகமாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஏபிஓஇ4 ஆபத்தைக் கூட்டுகிற ஜீன். ஒன்று இருந்தால் இரண்டு மூன்று மடங்கு என்பார்கள், அந்தக் கணக்கும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தது. ஒன்று மட்டும் உள்ளவர்களில் பெரும்பாலோர் 85 வயதிலும் அல்சைமர் இல்லாமல்தான் இருக்கிறார்கள். இன்னொன்று, உங்களுக்கு வந்தது அம்மாவிடமிருந்துதான் என்று அந்த ரிப்போர்ட் சொல்லவே இல்லை, அப்பா வழியாகவும் வந்திருக்கலாம்.

மகளுக்கு அந்த டெஸ்ட் வேண்டாம். அவளுக்கு அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு, ஆனால் இருபது வயதில் தெரிந்து அவள் செய்யப்போவது ஒன்றுமில்லை. டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே, 2007-ல் தன் மொத்த ஜீன் தொகுப்பையும் ஊரறிய வெளியிட்டபோது, ஏபிஓஇ ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள், வெளியிலும் விடாதீர்கள் என்றார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. மகள் பிற்பாடு தானாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் அது அவள் முடிவு. இப்போது அவளுக்கு ஒரு லிப்பிட் டெஸ்ட், அதாவது கொலஸ்ட்ரால் பரிசோதனை எடுங்கள். தாத்தா 52-ல் போனவர், அம்மாவுக்கு 174 என்கிறபோது அதுதான் உபயோகம், வெறும் வயிறுகூட அவசியமில்லை. நீங்களும் தம்பியும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற டெஸ்டை ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அது எல்டிஎல் போலவே மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிற ஒரு ரத்தக் கொழுப்புத் துகள், பரம்பரையாக வருவது, நம் ஊரில் நிறையப் பேருக்கு அதிகம். கையோடு தம்பியிடம் இன்னொன்றும் பேசுங்கள்: எச்சில் டெஸ்டுக்குச் செலவு செய்தவர், அம்மாவை ராத்திரியில் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் அனுப்பட்டும். வாரத்தில் நாலு ராத்திரியாவது நீங்கள் தூங்குவதைப் போல மூளைக்கு நல்லது செய்கிற மாத்திரை என் மருந்துப் பெட்டியில் இல்லை.

மாத்திரை ராத்திரியோ காலையோ, தினமும் ஒரே நேரத்தில். ஆறு முதல் எட்டு வாரத்தில் லிப்பிட், கல்லீரல் டெஸ்ட், மூன்றாம் மாதம் சர்க்கரை. எல்டிஎல் குறைந்தபட்சம் 100-க்குள் வர வேண்டும். அப்பா கதையைக் கேட்டால் உங்கள் டாக்டர் 70 என்றும் சொல்லலாம், அவர் சொல்வதைக் கேளுங்கள். லேசான உடம்புவலிக்கு நிறுத்த வேண்டாம். தொடை, தோள் தசைகளில் தாங்க முடியாத வலி வந்தாலோ, சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனாலோ உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நிஜமாகவே புத்தி மந்தமாக இருக்கிறது என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள், ஒரு மாதம் விட்டுப் பார்த்துத் திரும்பக் கொடுப்பார், இல்லையென்றால் வேறு ஸ்டாடினுக்கு மாற்றுவார்.