மதிய மாத்திரை மட்டும் ஏன் கேட்பதில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்கு சின்டோபா பிளஸ் மாத்திரை சாப்பிடுகிறார், ஒரு நாளைக்கு நான்கு வேளை. காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் போடுவது அரை மணி நேரத்தில் கேட்கிறது; தானே எழுந்து நடக்கிறார், சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்கிறார். மதியம் சாப்பிட்டதும் போடும் அதே மாத்திரை சில நாள் இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்கிறது, சில நாள் கேட்பதே இல்லை. கடையில் போலி மருந்து தருகிறார்களா? மதியம் ஒன்றரை மாத்திரையாகக் கூட்டலாமா? பொடித்துக் கொடுத்தால் சீக்கிரம் மூளைக்குப் போகுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரே அட்டையில் பிரித்த மாத்திரை காலையில் கேட்டு மதியம் கேட்கவில்லை என்றால் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. டோஸை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: காலையில் ‘வெறும் வயிற்றில்’, மதியம் ‘சாப்பிட்டதும்’.

அப்பாவுக்கு மூளையில் குறைந்துபோனது டோபமின். அப்படியானால் டோபமினையே கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தாலும் மூளைக்குள் போகாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கு டோபமினை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். அழுத்தம் ஏறும், ஆனால் அதனால் பார்க்கின்சன் நடுக்கம் துளியும் குறையாது. உடம்பின் மற்ற இடங்களில் நுண்ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே இடுக்கு உண்டு, மருந்து கசிந்து வெளியே வரும். மூளையில் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்ததுபோல ஒட்டி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பாக இருக்கின்றன. கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள் செல்லின் ஊடாகவே புகுந்துவிடும். மது அப்படித்தான் சில நிமிடத்தில் தலைக்கேறுகிறது. டோபமினுக்கு அந்த வழி இல்லை.

அதனால்தான் டோபமினுக்கு ஒரு படி முந்தைய பொருளான லெவோடோபாவைக் கொடுக்கிறோம். இது ஓர் அமினோ அமிலம். மூளைக்கு அமினோ அமிலங்கள் தேவை என்பதால் அவற்றை ஏற்றிச் செல்லும் புரதங்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கின்றன. லெவோடோபா அதில் ஏறி உள்ளே போய், அங்கே டோபமினாக மாறுகிறது. சிக்கலும் இங்கேதான். பருப்பு, பால், முட்டை, மீன் எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள புரதம் லியூசின், வேலின், பினைல்அலனின் என்று அமினோ அமிலங்களாக உடைகிறது. அவையும் அதே வண்டியில்தான் போக வேண்டும். சாப்பாட்டு நேரத்து டவுன் பஸ் மாதிரி: இடம் கொஞ்சம், கூட்டம் அதிகம், லெவோடோபா நிறுத்தத்திலேயே நின்றுவிடுகிறது. இந்தப் போட்டி குடலில் ஒரு முறை, மூளை வாசலில் இன்னொரு முறை, ஆக இரண்டு இடத்தில் நடக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. 1984இல் அமெரிக்காவின் ஆரெகனில் ஜான் நட் குழுவினர் நோயாளிகளுக்கு லெவோடோபாவை ரத்தக் குழாய் வழியாகச் சீராக ஏற்றினார்கள். வயிறும் குடலும் கணக்கிலேயே இல்லை; ரத்தத்தில் மருந்தின் அளவும் குறையவில்லை. அப்படியிருந்தும் புரதம் மிகுந்த சாப்பாடு கொடுத்ததும் மருந்தின் பலன் மறைந்து நோயாளிகள் மறுபடி இறுகிப்போனார்கள். லியூசினும் பினைல்அலனினும் தனியாகக் கொடுத்தபோதும் அதேதான். கிளைசின், லைசின் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவை இந்த வழியில் போவதில்லை. மருந்தியல் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த சோதனைகளில் இது ஒன்று; இதைப் படித்த பிறகு ‘ரத்தத்தில் மருந்து இருந்தால் போதும்’ என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் மூளை வாசல் வரை வருவதற்கு முன்பே இன்னொரு தாமதம் இருக்கிறது. லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலின் மேல்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிறு நிறைய சோறு, சாம்பார், மேலே நெய் என்று இருந்தால் இரைப்பை காலியாகச் சில மணி நேரம் ஆகும். பார்க்கின்சன் நோயே இரைப்பையை மந்தமாக்கும், மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசம். மாத்திரை அங்கேயே கிடக்கும்போது இரைப்பைச் சுவரிலுள்ள நொதி அதில் ஒரு பகுதியை டோபமினாக மாற்றி வீணாக்கிவிடுகிறது.

அந்த நொதியைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. சின்டோபா பிளஸ்ஸில் லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 25 மி.கி. கார்பிடோபா மூளைக்குள் நுழையாது. அதுதான் அதன் சிறப்பே. வெளியே நொதியை அடக்கும், உள்ளே தொடாது. லெவோடோபாவைத் தனியாக விழுங்கினால் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் மூளைக்குப் போய்ச் சேரும். கார்பிடோபாவோடு சேரும்போது அது ஐந்து முதல் பத்து வரை உயர்கிறது. 1967இல் மருத்துவர் ஜார்ஜ் கோட்சியாஸ் கார்பிடோபா சேர்க்காமல் டோபாவை வாய்வழியாக வெற்றிகரமாகக் கொடுத்துக் காட்டியபோது கிராம் கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, இத்தனை வருடம் சாப்பிட்டதும் போட்டபோது வராத பிரச்சினை இப்போது ஏன்? தொடக்கத்தில் மிச்சமிருந்த நரம்பு செல்கள் டோபமினைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தன. ஒரு வேளை மருந்து தாமதமானாலும் தெரியாது. அந்தச் செல்கள் குறையக் குறைய, ஒவ்வொரு மாத்திரையும் ரத்தத்தில் ஏறி இறங்குவது அப்படியே உடம்பில் தெரிய ஆரம்பிக்கும். லெவோடோபாவின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரமே போதும்.

இனி செய்ய வேண்டியது. மதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் கொடுங்கள், 45 நிமிடம் என்றால் இன்னும் நல்லது. 1 மணிக்குச் சாப்பிடுபவர் என்றால் 12.15க்கு மாத்திரை. முன்னால் கொடுக்கத் தவறினால், சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில். விழுங்கியதும் படுக்க விடாதீர்கள். நம் வீடுகளில் மாத்திரையைப் பாலோடு கொடுக்கும் பழக்கம் உண்டு, இந்த மாத்திரைக்கு அது கூடாது. வெறும் வயிற்றில் குமட்டினால் பொரி அல்லது ஒரு சாதாரண பிஸ்கட் போதும்.

இதிலேயே சரியாகிவிட்டால் சாப்பாட்டை மாற்ற வேண்டாம். சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு, பகலில் ரசம் சாதம், காய்கறிப் பொரியல் என்று புரதம் குறைந்ததாகவும், பருப்பு, தயிர், முட்டை, மீனை ராத்திரிக்குமாக மாற்றிப் பார்க்கலாம். மாற்றுவது நேரத்தை மட்டும்தான், அளவை அல்ல. புரதத்தையே நிறுத்திவிட்டு எடை குறைந்து, தசை கரைந்து வருபவர்கள் உண்டு. நடக்க முடியாததற்கு அப்புறம் அதுவே காரணமாகிவிடும்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா பாருங்கள். இரும்பு லெவோடோபாவைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்யும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்.

பொடிக்கும் விஷயம்: சாதாரண மாத்திரையைப் பொடித்தாலும் இரைப்பையில் பெரிதாக நேரம் மிச்சமாகாது, மூளை வாசலில் ஒன்றுமே மாறாது. அட்டையில் ‘சி.ஆர்.’ என்று போட்டிருந்தால் பொடிக்கவோ மெல்லவோ கூடவே கூடாது. பல மணி நேரத்தில் மெல்ல வெளிவர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பூனைக்காலி விதைப் பொடியைச் சிலர் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான், எவ்வளவு என்று அட்டையில் இல்லாத லெவோடோபா. மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம்.

நேரத்தைச் சரிசெய்த பிறகு கை, கால், கழுத்து தானாக நெளிய ஆரம்பித்தால், மருந்து முன்பைவிட அதிகமாகப் போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து: கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமுமாக உயிருக்கே சிக்கல் வரலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வாந்தி என்று எந்த கிளினிக்குக்குப் போனாலும், அப்பாவுக்குப் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு என்ற மருந்து மூளைக்குள் புகுந்து டோபமினின் வேலையையே தடுத்துவிடும். ஒரு ஊசி போதும், அன்று முழுக்க அவரால் எழுந்திருக்க முடியாமல் போகலாம். டோம்பெரிடோன் என்ற இன்னொரு வாந்தி மருந்து மூளைக்குள் பெரும்பாலும் நுழையாது, வாந்தியைத் தூண்டும் பகுதி அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் அங்கே மட்டும் வேலை செய்யும். ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது, எனவே பழைய இசிஜி இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.