பெரிய போட்டிக்கு நடுவே சின்னப் போட்டிகள்

கேள்வி: நான்கு மாதத்தில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் கொண்ட டிரையத்லான் இருக்கிறது. இடையில் சின்னப் போட்டிகளில் கலந்துகொள்ளலாமா? ஞாயிறுதோறும் சைக்கிளில் ஏற்காடு ஏறுகிறேன்.
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தாராளமாக. ஆனால் இரண்டு போதும். ஸ்பிரிண்ட் எனும் குறுந்தூர டிரையத்லான் (நீச்சல் 750 மீ., சைக்கிள் 20 கி.மீ., ஓட்டம் 5 கி.மீ.) எட்டு வாரம் முன்பு, ஒலிம்பிக் தூரம் (1.5, 40, 10 கி.மீ.) நான்கு வாரம் முன்பு. கடைசி மூன்று வாரத்தில் எதுவும் வேண்டாம்.

சிக்கல் போட்டியில் இல்லை, அதைச் சுற்றிய ஓய்வில்தான். ஸ்பிரிண்டுக்காக ஒரு வாரம் பயிற்சியைக் குறைத்து, பிறகு ஒரு வாரம் படுத்துவிட்டால் நீண்ட சைக்கிள் பயிற்சி இரண்டு போய்விடும். முன்னே இரண்டு நாள், பின்னே இரண்டு நாள் இலகுவாக இருந்தாலே போதும்; ஒலிம்பிக் தூரத்துக்குப் பின் நான்கைந்து நாள். அந்த வாரம் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை விட்டுவிடுங்கள். ஏறிய தொடைக் களைப்பு ஓட்டத்தில் தெரியும். நீண்ட பயணத்தைப் புதன்கிழமைக்கு, ஓமலூர் பக்கச் சமதளத்துக்கு மாற்றலாம்.

ஒலிம்பிக் தூரப் போட்டியை ஒத்திகையாக்குங்கள்: அதே காலணி, சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. வயிறு முரண்டு பிடித்தால் அளவைக் குறைத்துப் பழக இன்னும் நாள் இருக்கும். தனி அரை மாரத்தான் மட்டும் வேண்டவே வேண்டாம். முழு வேகத்தில் ஓடினால் கால் தேற பத்து நாளாவது ஆகும்.