பென்னாகரம் தாண்டினால் யார் சரிசெய்வார்?

கேள்வி: தருமபுரியிலிருந்து பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்கு மூட்டை முடிச்சோடு சைக்கிளில் போகப் போகிறேன். என்னிடம் கேபிள் டிஸ்க் பிரேக் போட்ட பழைய ஸ்டீல் சைக்கிள் இருக்கிறது. கடையில் ஹைட்ராலிக் பிரேக், டியூப்லெஸ் டயர், எலக்ட்ரானிக் கியர் உள்ள புதுசைக் காட்டுகிறார்கள். எதில் போகலாம்?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: பழையதிலேயே போங்கள்.

ஹைட்ராலிக் பிரேக் மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஊருக்குள் நான் ஓட்டுவது அதைத்தான். ஒகேனக்கல் இறக்கத்தில் பாரத்தோடு போகும்போது ஒரு விரலால் பிடித்தாலே அடங்கும். பேட் தேய்ந்தாலும் தானே ஈடுகட்டிக்கொள்ளும். சிக்கல் அது பழுதானால்தான். ஷிமானோ கம்பெனி பிரேக் என்றால் மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வழியில் உள்ள பைக் மெக்கானிக்கிடம் இருப்பதோ டாட் 3, டாட் 4 என்ற வேறு வகை பிரேக் ஆயில். பாவம், உதவி செய்கிறேன் என்று அதை ஊற்றிவிடுவார். உள்ளே சீல் ஊதிப்போய் பிரேக்கே வீணாகும். உங்கள் பிரேக்குக்கு மாற்றுக் கேபிளும் ஆலன் கீயும் போதும். பேட் தேயத் தேய நீங்களே திருகி நெருக்க வேண்டும், அவ்வளவுதான். இறக்கம் முடிந்ததும் பாருங்கள். டிஸ்க்கை மட்டும் உடனே தொடாதீர்கள், கை வெந்துவிடும்.

டியூப்லெஸ் டயரில் சின்ன முள் குத்தினால் உள்ளே இருக்கும் சீலன்ட் என்ற ஓட்டை அடைக்கும் திரவம் அடைத்துவிடும். கருவேல முள் கிடக்கும் நம் ஊருக்கு இந்த டயர் நல்லதுதான். ஆனால் நம் வெயிலில் அந்தச் சீலன்ட் சில மாதத்தில் காய்ந்துவிடும், பெரிய கிழிசல் என்றால் கடைசியில் டியூப்தான் போட வேண்டும்.

டியூப் வாங்கும்போது வால்வைப் பாருங்கள். பைக்கில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் என்றால் எந்தப் பங்க்சர் கடையிலும் காற்றடிக்கலாம். ஒல்லியான பிரெஸ்டா என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். உங்களுடையது 700சி சக்கரம் என்றால், ஊர்க் கடையில் கிடைக்கும் 28 இஞ்ச் டயர் சேராது. அதன் ரிம் அளவு 635 மி.மீ., உங்களுடையது 622. மடித்து வைக்கும் டயர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எலக்ட்ரானிக் கியரா? சார்ஜ் போட போன் ஒன்று போதாதா!

புதுசு வாங்கியே தீர வேண்டும் என்றால் எல்இடி விளக்கு வாங்குங்கள். பழைய பாட்டில் டைனமோவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அதற்காக அஞ்செட்டிக் காட்டில் இருட்டில் ஓட்டாதீர்கள், யானை நடமாட்டம் உள்ள பகுதி. அப்புறம், கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு மூட்டையையும் கட்டி ராயக்கோட்டை வரை போய் வாருங்கள். கேரியர் நட்டு கழல்வதானால் அங்கேயே கழலட்டும்.