மணிவாரியாக எழுதுங்கள்

கேள்வி: முதுநிலை மருத்துவம் இரண்டாம் ஆண்டு. அடுத்த வாரம் எங்கள் துறையின் மரண ஆய்வுக் கூட்டத்தில் நான் ஒரு கேஸ் பேச வேண்டும். அன்றிரவு டியூட்டியில் இருந்ததும் நான்தான். இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் ‘யார் தப்பு?’ என்றே முடிகின்றன. எப்படித் தயாராவது?

பதில்: ஸ்லைடைத் தொடுவதற்கு முன் கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, மருந்து சார்ட், லேப் பதிவேடு நான்கையும் பரப்பி வைத்து, நடந்ததை மணிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். நான்கிலும் நேரம் ஒத்துவராது. ஒத்துவராத இடத்தில்தான் விஷயம் இருக்கும். ‘பொட்டாசியம் ரிப்போர்ட் கவனிக்கப்படவில்லை’ என்று எழுதினால் அது குற்றப்பத்திரிகை. ‘2.10: லேபிலிருந்து போன், பொட்டாசியம் 6.8. 3.40: கேஸ் ஷீட்டில் பதிவு. 3.50: ஈ.சி.ஜி., கால்சியம் குளுக்கோனேட்’ என்று எழுதிப் பாருங்கள். 6.8 என்பது இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு, கால்சியம் குளுக்கோனேட் அதற்கு உடனே போடும் ஊசி. 2.10 முதல் 3.40 வரை அந்த ஒன்றரை மணி நேரம் தகவல் எங்கே நின்றது? போனை எடுத்தவர் எதில் குறித்து வைத்தார்? டாக்டர் எந்த வார்டில் இருந்தார்? இந்தக் கேள்விகள் கூட்டத்தில் இருப்பவர்களிடமிருந்தே வரும்.

மரண ஆய்வு என்பதால் முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். முடிவு தெரிந்தபின் எவரும் மேதைதான். ஆகவே முக்கிய முடிவெடுத்த நேரத்தில் ஸ்லைடை நிறுத்தி, ‘இவ்வளவுதான் கையில் இருந்தது, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அது கடைசி ஸ்லைடு. 20 நிமிடம் கிடைத்தால் கேஸுக்கு 5 போதும். நோயின் பாடத்தை முழுதாக ஓட்டி நேரத்தைத் தின்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. சிலர் அதை ஒளிந்துகொள்ளவே செய்வார்கள்.

உங்கள் பிழையை நீங்களே, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1911 முதல் 1916 வரை தம் சொந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 337 பேரிடம் நேர்ந்த 123 பிழைகளை அச்சிட்டே வெளியிட்டார். திறமைக் குறைவா, தீர்மானப் பிழையா, கருவி இல்லாமையா, நோயைக் கண்டறிவதில் தவறா என்று வகை பிரித்தார். அந்த வகைப்பாடு உங்களுக்கும் உதவும்.

‘இனி கவனமாக இருப்போம்’ என்ற தீர்மானத்தை ஏற்காதீர்கள். ‘லேப் போனில் சொல்லும் அளவைத் திருப்பிச் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும், டியூட்டி டாக்டர் 10 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அடுத்தவரை அழைக்க வேண்டும்’ என்பது தீர்மானம். பொறுப்பாளர், தேதி இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

நோயாளியின் பெயர், எண் எதுவும் திரையில் வேண்டாம். கூட்டத்தை உங்கள் யூனிட்டைச் சேராத மூத்தவர் நடத்தினால் நல்லது. சீஃபிடம் இப்போதே கேளுங்கள். அன்றிரவு டியூட்டி பார்த்த நர்ஸையும் அழையுங்கள். ஆனால் 2.10 போனைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். அவர் அதை முதன்முதலில் திரையில் பார்க்கக் கூடாது.