பயணத்தில் போன் தொலைந்துவிட்டது. ஓடிபி எல்லாம் அதே நம்பருக்குத்தான் போகிறது. கணக்குகளை எப்படி மீட்பது?

பாஸ்வேர்டெல்லாம் அப்புறம். தொலைந்த சிம் யார் பெயரில் இருக்கிறது? அதைப் பாருங்கள் முதலில்.

உங்கள் பெயரில் என்றால் புண்ணியம் செய்தவர் நீங்கள். யாருடைய போனையாவது வாங்கி கஸ்டமர் கேருக்கு அடித்துப் பழைய சிம்மை நிறுத்துங்கள். பேங்குக்கும் அடித்து யூபிஐயை முடக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரிஜினல் ஆதாரோடு ஷோரூமுக்குப் போய்க் கைரேகை வைத்தால் அதே நம்பரில் புது சிம் கிடைக்கும்.

என் நம்பர் என் அண்ணன் பெயரில் இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நாங்கள் செல் வாங்கிய காலத்தில் உசிலம்பட்டிப் பக்கம், யாருடைய ரேஷன் கார்டு ஜெராக்ஸும் போட்டோவும் கையில் இருந்ததோ அவர் பெயரில் சிம் வாங்குவோம், வீடே அதில் பேசும். அப்பா பெயரிலும் வீட்டுக்காரர் பெயரிலும் உள்ள சிம்மில் இன்றைக்கும் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து ஊருக்கு வரும்போது, மதுரை ஆரப்பாளையத்தில் அடுத்த பஸ்ஸுக்கு ஏறுகிற நெரிசலில் சட்டைப்பையில் இருந்த போனை உருவிவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். அதை வாங்காமல் விடாதீர்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணோடு புகார் நகலையும் ஏற்றினால்தான் அந்தப் போனை எந்த சிம் போட்டும் ஓடாதபடி முடக்குவார்கள். 15 இலக்க எண் அது, போன் வந்த பெட்டியிலும் பில்லிலும் இருக்கும்.

ஷோரூமில், "ஓனர் நேர்ல வரணும் சார்" என்றுவிட்டார்கள். ஓனரோடுதான் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லையே! நிலத்தைப் பங்கு பிரித்தபோது கிணறு பொது, கரண்ட் சர்வீஸ் மட்டும் அண்ணன் பெயரில் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அதிலிருந்து என் முறை வருகிற ராத்திரியெல்லாம் மோட்டார் ரிப்பேர். அவர் முறையன்று அருமையாக ஓடும். ஒரு வருசம் கடலை முழுக்கக் காய்ந்து போனது. கேட்டால், "நான் என்னடா மோட்டாருக்குள்ளயா உக்காந்திருக்கேன்?" கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. அதே சஞ்சார் சாத்தியில் நம் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம், 'இது என் நம்பர் இல்லை' என்று புகாரும் கொடுக்கலாம். அண்ணன் அப்படிக் கொடுத்துவிட்டால் பேங்க், கேஸ், மகள் காலேஜ் எல்லாவற்றிலும் கொடுத்த நம்பர் போச்சு. அதனால் நேரே அவரிடம் போகாமல் மதினியிடம் போனேன்.

அண்ணன் திண்ணையிலிருந்தே, "தண்ணிக்கு வராதவன் சிம்முக்கு வந்திருக்கான் பாரு" என்றார். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு டிவிஎஸ் 50-ஐ எடுத்தார். கைரேகை வைத்தார். போய்விட்டார்.

சிம் ஓடுகிறது, கால் வருகிறது, ஓடிபி மட்டும் வரவே இல்லை. அவர்மேல்தான் சந்தேகப்பட்டேன், பொய் சொல்வானேன். விசாரித்தால் அது விதியாம். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. திருடன் நம் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிப் பணத்தை உருவாமல் இருக்க. ஜிபே நம் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பரைச் சரிபார்க்கும், எனவே அதுவும் மறுநாள்தான். இந்த ஒரு வார்த்தையைக் கவுண்டரில் இருந்த பிள்ளை சொல்லியிருந்தால் என் பிபி ஏறியிருக்காது. வாட்ஸப்புக்குக் காத்திருக்க வேண்டாம். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாகப் போன் காலில் சொல்லும்படி கேட்டால் கூப்பிட்டு எண்ணைச் சொல்லும். புதுப் போனில் திறந்ததும் பழைய போனில் தானாக மூடிவிடும்.

ஜிமெயிலை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முயலாதீர்கள். பழக்கமில்லாத கம்ப்யூட்டர் என்றால் கூகுள் எளிதில் நம்பாது. திருப்பூர் வீட்டில் மகளின் லேப்டாப்பில் என் மெயில் திறந்தபடியே இருந்தது. அவளிடம் போனில் சொல்லி, தொலைந்த போனை அந்தக் கணக்கிலிருந்து வெளியேற்ற வைத்தேன்.

இனி ஐடி தம்பிகள் வந்து, எஸ்எம்எஸ் இல்லாமலே கோடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை என்பீர்கள். அந்த ஆப்பும் அதே போனில்தானே தம்பி இருக்கும்? ஓடிபிக்குப் பதிலாகப் போட கூகுள் தருகிற 10 பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதிப் பீரோவில் வை என்றால் ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் போகிறவனுக்கு பீரோ எங்கே?

நம்பரை என் பெயருக்கு மாற்ற அண்ணனும் ஷோரூமுக்கு வர வேண்டும் என்கிறார்கள். கேட்டேன். நடவு முடியட்டும் என்கிறார். மோட்டாருக்கும் இதே பதில்தான் சொன்னார்.