செருப்பு கழன்று விழுகிறது... நரம்புக்கு ஸ்கேனா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. 2 மாதமாக வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை. நடந்தால் செருப்பு கழன்று விடுகிறது. முதுகு எம்.ஆர்.ஐ. நார்மல். நரம்பு டெஸ்டில் முழங்கால் பக்கம் கோளாறு என்று வந்தது. இப்போது அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில் நரம்பு தெரியுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நன்றாகவே தெரியும், அம்மா. உங்கள் முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். குண்டாக ஓர் எலும்பு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதற்குச் சற்றுக் கீழேதான் எலும்பைச் சுற்றி ஓடுகிறது. மேலே தோலைத் தவிரப் பெரிய பாதுகாப்பு இல்லை. மணிக்கணக்கில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் நசுங்குவது அங்கேதான். டைல்ஸ் வேலை என்று படித்ததும் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போனது.

நரம்பு டெஸ்ட் இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஸ்கேன் மானிட்டரில் நல்ல நரம்பின் குறுக்குவெட்டு தேனடை மாதிரி இருக்கும். நசுங்கிய நரம்பு வீங்கி, கண்ணறைகள் மங்கிக் கறுத்துவிடும். ஒருமுறை, குத்துக்கால் போட்டு உட்கார்ந்ததால்தான் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்த ஒருவருக்கு, நரம்புக்குள்ளேயே கரிய நீர்ப்பை ஒன்று தெரிந்தது. பக்கத்து மூட்டிலிருந்து மெல்லிய நரம்புக் கிளை வழியாக நீர் கசிந்து சேர்ந்த பை அது. ஆபரேஷனில் பையை மட்டும் காலி செய்தால் மறுபடி நிரம்பும். அந்தக் கிளையையும் துண்டிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஸ்கேன்.

இன்னொன்று, பயப்படாமல் கேளுங்கள். தொழுநோயிலும் இதே இடத்தில் நரம்பு தடிக்கும். உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் காட்டுங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுசாகக் குணமாகும்.

சரி, எல்லாம் இதில் தெரிந்துவிடுமா? முதுகெலும்புக்குள் இருக்கும் நரம்பு வேர் தெரியாது, எலும்பு மறைத்துவிடும். அதை ஏற்கெனவே எம்.ஆர்.ஐ.யில் பார்த்துவிட்டீர்கள்.

ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வெறும் வயிற்றோடு வரவும் வேண்டாம். குளிர்ந்த ஜெல் தடவுவோம், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க இடது காலையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், அன்றைக்கு வேட்டி கட்டி அனுப்புங்கள். ஜீன்ஸ் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டுவதற்குள் எங்களுக்குப் பாதி நேரம் போய்விடுகிறது.