புற்றுநோய்க்கு மாத்திரை: இலக்கு சிகிச்சை பற்றி வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். அதே நோய் உள்ள உறவினர் மாத்திரை சாப்பிடுகிறார். அப்பாவுக்கு மட்டும் ஏன் கீமோ?

உறுப்பு ஒன்றுதான், கட்டிக்குள் இருக்கும் மரபணு மாற்றம் வேறு. இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால்தான், அதைக் குறிவைக்கும் மாத்திரை (இதுதான் இலக்கு சிகிச்சை) கேட்கும். அப்பாவுக்கு அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று முதலில் கேளுங்கள். செய்யவில்லை என்றால், பயாப்ஸி எடுத்த இடத்தில் மெழுகில் பதித்த திசு, அதாவது 'பிளாக்', இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். பலர் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அலைகிறார்கள். திசு போதாவிட்டால் ரத்தத்திலும் பார்க்கலாம். ஆனால், ரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு சிஎம்எல் ரத்தப் புற்றுநோய். இமாட்டினிப் 400 மி.கி. சாப்பிடுகிறேன். வெள்ளையணு நார்மலாகிவிட்டது. நிறுத்தலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நன்றாக இருக்கிறோமே என்று மாத்திரையை விடுவதுதான் இந்த நோயில் நாங்கள் அதிகம் பயப்படும் தவறு. வெள்ளையணு எண்ணிக்கை சீக்கிரமே சரியாகிவிடும்; நோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணு உள்ளே இருந்துகொண்டே இருக்கும். அதை அளப்பது பிசிஆர் (PCR) என்ற ரத்தப் பரிசோதனை. 3 மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். அந்த மரபணுவின் அளவு 3-ஆம் மாதம் 10 சதவீதத்துக்குள்ளும், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள்ளும் வருவது நல்லது. வாரத்தில் ஓரிரு நாள் விட்டாலே இந்த எண் இறங்காமல் நின்றுவிடலாம். மருந்துக்கு அடங்காத செல்கள் தலைதூக்கவும் இடம் கிடைக்கும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். பல ஆண்டுகள் மிக ஆழ்ந்த கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், அடிக்கடி பிசிஆர் எடுத்தபடி, மருத்துவரே நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள்.

கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, தோல் வெளுப்பது எல்லாம் இம்மருந்தால் வரக்கூடியவை. மருத்துவரிடம் சொல்லுங்கள்; நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள்.

நுரையீரல் புற்றுநோய்க்கு எர்லோடினிப் மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாள் முகமெல்லாம் பரு.

பார்க்கப் பரு மாதிரி இருந்தாலும் பரு இல்லை, மருந்தால் வரும் தடிப்பு. பருவுக்கான கிரீம் தோலை உலர்த்தி எரிச்சலைக் கூட்டும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள், வெயிலைத் தவிருங்கள். அதிகமானால் மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தருவார். திடீரென மூச்சு வாங்கினாலோ, வறட்டு இருமல் புதிதாக வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

மருந்துக்கு மருந்து மாறும். எர்லோடினிப்: சாப்பிடுவதற்கு 1 மணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து. இமாட்டினிப்: சாப்பாட்டுடன், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், வெறும் வயிற்றில் குமட்டும். ஜெஃபிட்டினிப் (இதுவும் நுரையீரல் புற்றுநோய் மாத்திரை): எப்படியும் சாப்பிடலாம். நம் வீடுகளில் தினமும் போடும் 'கேஸ் மாத்திரை' எர்லோடினிப், ஜெஃபிட்டினிப் இரண்டும் உடலில் சேர்வதைக் குறைக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இம்மூன்று மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நாட்டு மருந்து உட்பட வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.